தேர் எந்த வீதியில் வரும்?

எங்கள் தெருவில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். விளாங்குடியில் மனை பிரித்து விற்றபோது இடம் வாங்கி, மெல்ல வீடு கட்டிக் குடிவந்தவர்கள். தேனி, பரமக்குடி, சேலம் என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஊர். மதுரையில் இருந்துகொண்டே மதுரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சிம்மக்கல்லில் சிங்கம் எங்கே இருக்கிறது? கோயிலின் வடக்குக் கோபுரத்தை ஏன் மொட்டைக் கோபுரம் என்கிறார்கள்? சாமி கல்யாணத்துக்கு எதற்கு மொய்? தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி போய்விட்டதா என்கிற விசாரணைகளுக்கு நடுவே இந்தக் கேள்விகளும் வரும். பதில் சொல்வது எங்கள் வீட்டுக்காரர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது.

அவர் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவர். அந்தச் சந்திலேயே வளையல் கடை வைத்து, அறுபது தாண்டியும் அங்கேயே உட்கார்ந்திருந்தவர். நான் செக்கானூரணிப் பக்கம், சோளமும் பருத்தியும் போட்ட வீடு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். எனக்குச் சாமி தெரியும், வீதி தெரியாது. அவருக்கு வீதி தெரியும். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த வீட்டுப் பின்கட்டு வரும், எந்த மண்டகப்படியில் சாமி எவ்வளவு நேரம் நிற்கும், எல்லாம் தெரியும். சாமியைப் பற்றி மட்டும் என்னைக் கேட்டுக்கொள்வார்.

போனில் எழுத அவருக்கு வராது. கடையை மூடிவிட்டு வந்து, மொட்டைமாடியில் நடந்துகொண்டே வாயால் பதிவு செய்து அனுப்புவார். எப்போதும் "அதாவதுங்க" என்றுதான் தொடங்குவார். சிம்மக்கல் கேள்வி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வரும்.

"அதாவதுங்க, சிங்கம் இருந்துச்சு. பஜார்ல கூட்டத்தப் பாத்துட்டு, நமக்கு ஒத்துவராதுன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. பக்கத்துல யானைக்கல்லு இருக்கு. அங்க போயி யானைகிட்டக் கேளுங்க, அதுதான் கடைசியாப் பாத்தது."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். பிறகுதான் நிஜமான பதிலைச் சொல்வார், தெரிந்தால். தெரியாவிட்டால், "இது எனக்குத் தெரியாதுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்பார். விசாரிக்கவும் செய்வார். சித்திரையில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம் ஆனதும், "இனி ஆவணி வரைக்கும் அம்மன் ஆட்சிங்க. எங்க வீட்ல பன்னண்டு மாசமும் அதேதான்" என்று என் காதுபடச் சொல்வார். நான் கீழிருந்து கத்துவேன். அதுவும் அந்தப் பதிவில் விழுந்து தெருவெல்லாம் கேட்கும்.

என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். மாடியிலிருந்து "இந்தா" என்றால் காபி. வாசலிலிருந்து "இந்தா" என்றால் செருப்பைக் காணோம். சாமி கும்பிட்டுத் திரும்பும்போது கூட்டத்தில் பின்தங்கினால், ஆயிரம் பேருக்கு நடுவே அந்த ஒரு "இந்தா" எனக்கென்று தனியாகக் கேட்கும்.

போன தைப்பூசத்துக்கு முந்தி ஒரு காலையில் தலை சீவிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து சீப்பு விழுந்தது. அது எப்படி விழுந்தது என்று யோசிக்கிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். எதிர்வீட்டுத் தங்கச்சியின் கணவர்தான் காரை எடுத்தார். பெரியாஸ்பத்திரியில் போட்டுப் பார்த்தோம். பக்கவாதம், வலப்பக்கம் போய்விட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, கால் மெல்ல வரும், கையும் வரும், பேச்சை மட்டும் சொல்ல முடியாது என்றார்கள். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் வழி அடைத்துவிட்டது.

மகன் சென்னையிலிருந்து வந்து, லீவு முடியும்வரை இருந்தான். பிறகு நானும் கட்டிலும்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மன் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, கை வரலைன்னாக்கூடப் பரவாயில்ல. கால் இழுத்தாலும் இழுக்கட்டும். என்னய 'இந்தா'ன்னு ஒரே ஒரு தடவ கூப்பிட வச்சிரு. உனக்கு ஒரு பச்சைச் சேலை சாத்துறேன்." பெரிதாக ஒன்றும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தை போய், மாசி போய், பங்குனியும் போனது. தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.

நோயாளி வைத்திருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் பவுடர் போடுவது, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவது, வாயோரம் வழிவதைத் துடைப்பது, அதற்குள் நனைந்துவிட்ட விரிப்பை மாற்றுவது. உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். படுத்தால் வராது. காலையில் விளக்கேற்றும்போது தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே கண் அசந்து, விரல் சுட்டு விழித்ததுண்டு. கும்பிட்டது பாதியா, முழுசா என்றுகூடத் தெரியாது.

இதற்கு நடுவில் கேள்விகள் நிற்கவில்லை. நடந்தது எல்லோருக்கும் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கை பழகிவிட்டது, கேட்டுவிடுகிறார்கள். அவருடைய போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். அது "டிங்" என்றால் அவர் கண் அங்கே போகும். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று நான் வாசித்துக் காட்டுவேன். பிறகு என்னையே பார்ப்பார். பதில் சொல்லும்வரை அந்தப் பார்வை போகாது.

குரூப்பை விட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டுத் தங்கச்சி விடவில்லை. சேலத்துக்காரி, வங்கியில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். தெருவில் அதிகம் கேள்வி கேட்பதும் அவள்தான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணன் சொல்லி எத்தனை கேட்டிருப்பீங்க!"

"அவரு பேசும்போது நான் தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன்டி. அம்புட்டையும் காதுல வாங்குனேனா?"

"வாங்குன வரைக்கும் சொல்லுங்க. தப்பா இருந்தா இங்க யாருக்குத் தெரியப் போகுது?"

அவருக்குத் தெரியுமே என்று நான் சொல்லவில்லை. அவர் படுத்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கட்டிலோரம் உட்கார்ந்து, போனை வாய்க்கருகில் பிடித்து, தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். முக்குறுணிப் பிள்ளையாரைப் பற்றிக் கேட்டார்கள். தெப்பக்குளம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த பிள்ளையார், சதுர்த்திக்கு முக்குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள் என்றேன். மொட்டைக் கோபுரத்துக்கு, ரொம்ப காலம் சுதைவேலை இல்லாமல் நின்றதால் அந்தப் பேர், அங்கே காவலுக்கு முனியாண்டி சாமி இருக்கிறது, போனால் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் மாதிரிச் சிரிக்கவைக்க எனக்கு வராது. என் பதில் எல்லாம் கடைசியில் கும்பிடுங்கள் என்றுதான் முடியும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஆப்பிள், பூனை, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "அப்பா, இது என்ன? சொல்லுங்க பாப்போம்" என்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். வளையல் கடையில் பேரம் பேசி வளர்ந்த மனிதருக்கு ஆப்பிளைக் காட்டி இது என்ன என்றால் என்ன செய்வார்? போகும்போது அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, அவரு கண்ணக் காட்டுனதும் தண்ணியக் கொண்டு போயிக் குடுத்துராதீங்க. கேக்கட்டும். கோவம் வந்தாலும் வரட்டும். கோவத்துலகூடச் சில பேருக்கு வார்த்தை வரும்."

சொல்லிவிட்டாள். தாகத்தோடு கிடக்கிற மனிதரை எப்படிக் காக்கவைப்பது? ஒருநாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவர் கண்ணோரம் நீர் கட்டியது. கொடுத்துவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. கேள்விகள் மழைபோல் கொட்ட ஆரம்பித்தன. எந்த வாகனம் எந்த நாள், கல்யாணத்துக்குச் சீட்டு வேண்டுமா, அழகர் ஆற்றில் இறங்கும்போது எங்கே நிற்பது, எதற்குப் பச்சைப் பட்டு. முன்பெல்லாம் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் அவர் கடையைவிட்டு வெளியே வரமாட்டார். அவர் சந்து முனையிலேயே தேர் வரும். இந்த வருஷம் டிவியில் போட்டுவிட்டிருந்தேன். அதையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று, டிவியில் அம்மனுக்குத் தாலி ஏறும் நேரம் பார்த்து, மதுரைப் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல் நானும் புதுக் கயிறு மாற்றிக்கொண்டேன். குங்குமம் வைத்துவிட அவருடைய இடது கையைத் தூக்கிப் பிடித்தேன். நெற்றியில் வைக்கப் போய் மூக்கில் பூசினார். நானும் துடைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவருக்கு வயிறு சரியில்லை. மூன்று தடவை விரிப்பை மாற்றிவிட்டு, நான் சாப்பிட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சுவரில் சாய்ந்திருந்தேன். போன் "டிங்" என்றது. எங்கள் தெருக் கடைசியில் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டிருந்தார்கள்: நாளைக்குத் தேர் எந்த வீதியில் வரும், குழந்தைகளை எங்கே கூட்டிப்போனால் நன்றாகப் பார்க்கலாம்? வாசித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். போனை எடுத்தேன்.

"சித்திரைத் தேருதானங்க, சித்திரை வீதியிலதான் சுத்தும். கோயிலை ஒட்டி இருக்குற வீதி. விடியறதுக்குள்ள போயி நின்னுக்கங்க. அம்மனை நல்லா கும்பிட்டுக்கங்க."

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினேன்.

தட்டென்று ஒரு சத்தம். கட்டிலோர ஸ்டூலிலிருந்த டம்ளர் தரையில் உருண்டது. இடது காலால் கட்டிலை உதைக்கிறார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. மறுபடி வயிறுதானோ என்று பாத்திரத்தை எடுத்தேன். தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், அதையும் தள்ளினார். இடது கையால் போனைக் காட்டினார்.

"என்னங்க? என்ன வேணும்? எனக்கு ஒண்ணும் விளங்கலையே, சாமி!"

உதட்டைக் கூட்டினார், விட்டார், மறுபடி கூட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மா..."

அவர் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"மா... சி."

மூன்று மாதத்துக்கு மேலாகக் கேட்காத குரல். உடைந்து, தடித்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆனாலும் அவர் குரல்தான்.

"மாசி! மாசி! மாசி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேர் வருவது மாசி வீதியில். மதுரையில் கால் வைத்த மறுநாளே எந்தப் பிள்ளையும் தெரிந்துகொள்ளும் விஷயம். அவர் பிறந்து வளர்ந்து, கடை வைத்து, வருஷா வருஷம் சந்து முனையில் நின்று தேர்வடத்தைத் தொட்டுக் கும்பிட்ட வீதி. அதை அவர் கண்ணெதிரில் நான் தூக்கி வேறு வீதியில் போட்டுவிட்டேன்.

அழுதுகொண்டேதான் மறுபடி போனை எடுத்தேன். "தப்பாச் சொல்லிட்டேங்க. மாசி வீதி. ஆதியில தேர்த் திருவிழா மாசி மாசத்துல நடந்துச்சாம். ராசாக்க காலத்துல அழகர் திருவிழாவோட சேக்கணும்னு சித்திரைக்கு மாத்துனாங்க. மாசம் மாறுச்சு, தேரு ஓடுற வீதி மாறல. மாசி வீதிக்குப் போங்க." பின்னணியில் அவர் "மாசி, மாசி" என்று ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். அதுவும் தெரு முழுக்கப் போனது.

எதிர்வீட்டுத் தங்கச்சி கையில் மாவோடு ஓடிவந்தாள். வாசலிலேயே நின்று, "அண்ணனாக்கா? அண்ணன் குரலாக்கா?" என்றாள். அவர் அவளைப் பார்த்து, சந்தேகமே இல்லாமல், "மாசி" என்றார்.

இதோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. தண்ணீருக்கு மாசி. புரட்டிப் படுக்க வைக்க மாசி. மின்விசிறியை நிறுத்த மாசி. கஞ்சியில் உப்பு இல்லை என்றால் அதற்கும் மாசி, கொஞ்சம் சத்தமாக. முன்பு கண்ணைப் பார்த்து யூகித்துக்கொண்டிருந்தேன். இப்போது காலையிலிருந்து இரவு வரை மாசி, மாசி, மாசி என்று காது நிறைய. எந்த மாசி எதற்கு என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாங்கமாட்டாமல், "பன்னண்டு மாசத்துல வேற மாசமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனாலும் சிரிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கூட்டாளி ஒருவர் வருவார். பட்டுநூல்காரர், அந்த மாசி வீதிச் சந்திலேயே சேலைக்கடை வைத்திருப்பவர். சாதி வேறு, வீட்டில் பேசும் பாஷையும் வேறு, இருந்தாலும் சின்ன வயசிலிருந்து இருவருக்கும் மாப்ளதான்.

"ஏன் மாப்ள, அம்பது வருஷம் கூட இருந்த என் பேரு வரல. கட்டுன பொண்டாட்டிய வாய் தொறந்து கூப்பிடல. வீதி பேரு மட்டும் வருதா? அந்த வீதி உனக்குக் கஞ்சி ஊத்துமா?"

"மாசி."

"அடேய், ரொம்பப் பண்ணாத. உன் கடை சாவிய நான்தான் வச்சிருக்கேன், ஞாபகம் வச்சுக்க."

"மாசீ..." இழுத்துச் சொன்னார். அதில் இருந்த கெட்ட வார்த்தை எங்கள் இருவருக்குமே புரிந்தது.

பயிற்சி கொடுக்கிற பெண் கேட்டுவிட்டு ஆப்பிள் அட்டையை மூடிவைத்தாள். "சில பேருக்கு இப்படித்தான்ம்மா, ஒரு வார்த்தை வந்து அதுலயே நின்னுரும். அதப் புடிச்சுக்கிட்டே பக்கத்து வார்த்தைக்குப் போகணும். வரிசையா மனப்பாடமா வர்றது ஏதாவது சொல்லிப் பாருங்க. ஒண்ணு ரெண்டு, நாள் கிழமை, இந்த மாதிரி." நாள் கிழமை அவரிடம் எடுபடவில்லை. எனக்குத் தோன்றியதைச் செய்தேன். காலையில் விளக்கேற்றிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, கோயிலுக்குள்ளிருந்து வெளியே வருகிற வரிசையில் வீதிகளைச் சொன்னேன். ஆடி வீதி. சித்திரை வீதி. ஆவணி மூல வீதி. அங்கே நிறுத்துவேன். அவர் "மாசி" என்பார். இந்தத் தடவை சரியான இடத்தில் சரியான வார்த்தை. பிறகு நான் "வெளி வீதி" என்பேன். காலையும் மாலையும் இதே சுற்று. பிரகாரம் சுற்றப் போக முடியாதவளுக்கு இதுவே பிரதட்சணம் என்று எடுத்துக்கொண்டேன்.

தெருவிலும் விஷயம் பரவியது. எதிர்வீட்டுத் தங்கச்சி அடிக்கடி வந்து வேண்டுமென்றே அவரைச் சீண்டுவாள்.

"அண்ணே, தெப்பக்குளத்துல தோண்டும்போது முருகன் சிலைதான கிடைச்சது?"

அவர் பதறிப்போவார். "மாசி! மாசி!" என்று இடது கையால் தொந்தியைக் காட்டுவார், மூக்கிலிருந்து துதிக்கை இழுத்துக் காட்டுவார். அவள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போவாள். அவள் போனபிறகு அவர் களைத்துத் தூங்கிவிடுவார். எனக்குத்தான் அந்த நேரம் பாத்திரம் கழுவக் கிடக்கும்.

ஆடியில் "வெளி" வந்தது. அடுத்து, ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது என்கிற மாதிரி "ஆடி". ஆத்தாளிடம் நான் கேட்டது வீதிகள் இல்லை. அவளிடம் சண்டை போடவில்லை, அதற்குத் தெம்பில்லை. பச்சைச் சேலையை எடுத்து வைத்திருக்கிறேன், நீ பார்த்துச் செய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சில நாள் சொல்ல மறந்துபோகும்.

ஆவணியில், அம்மனிடமிருந்து சாமிக்கு ஆட்சி மாறுகிற திருவிழா நடந்துகொண்டிருந்த சமயம். பிட்டுக்கு மண் சுமக்கிற நாளுக்கு முந்தி ஒரு பகல். அவர் தூங்குகிறார் என்று நினைத்து, சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எப்போது கண் மூடியதோ தெரியாது. தலை கதவுநிலையில் சாய்ந்திருக்கிறது, கீரை மடியில்.

"இந்தா."

கூட்டத்துக்கு நடுவே கேட்பதுபோல்தான் கேட்டது. கனவு என்று விட்டுவிட்டேன்.

"இந்தா!"

எழுந்தேன். மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் சிதறியது. கட்டிலில் அவர் தலையணைமேல் கொஞ்சம் எம்பி, இடது கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். வலியில்லை, தாகமில்லை, நனையவும் இல்லை. குரூப்பில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. பதில் சொல்லாமல் நான் தூங்குகிறேன். அதற்காக எழுப்புகிறார்.

கிட்டே போய், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். அவர் போனை ஆட்டினார். "என்னயக் கூப்பிட்டீங்கள்ல? அதச் சொல்லுங்க." அவருக்கு எரிச்சல். "மாசி" என்றார்.

அம்மன் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். கும்பிடக் கையைத் தூக்கினேன், கை கீரைமண்ணாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன். யாரோ புதிதாகக் குடிவந்தவர்கள், நான் பார்த்தறியாத பேர். சிம்மக்கல்லில் சிங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

உடம்பெல்லாம் வலி. அடுப்பில் உலை கொதிக்கிறது. கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதாவதுங்க," என்று தொடங்கினேன். "சிங்கம் இருந்துச்சு..."